டுப்ரோவ்னிக் கோட்டை நகரைப் பார்க்கச் செல்வோருக்கு: மதிலிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

குரோவேசியாவின் தென்கோடியில், மத்தியதரைக் கடலின் ஓர் அங்கமான ஏட்ரியாட்டிக் கரையில், நாற்புறமும் மதில் சூழ நிற்கிறது டுப்ரோவ்னிக். அங்கே நான் மூன்று முறை சென்றிருக்கிறேன். முதல் முறை தனியாகப் போய், செய்ய வேண்டியவற்றையெல்லாம் தலைகீழான வரிசையில் செய்தேன். உச்சி வெயிலில் மதிலில் ஏறி, கூட்டம் நெரியும் வேளையில் கடைத்தெருவில் நடந்து, அறைகளுக்குள் நிழல் கிடைக்கும் அருங்காட்சியகங்களை மாலைக்குத் தள்ளிவைத்தேன். போய்ச் சேர்ந்தபோது அவை மூடியிருந்தன. அடுத்த இரண்டு முறையும் உறவினர்களையும் நண்பர்களையும் அழைத்துச் சென்றபோது, அவர்களும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் தடுமாறினார்கள்.

இந்த நகரில் பார்க்க வேண்டியவை குறைவு. அவற்றுக்கிடையே நடக்கும் தூரமும் குறைவு. எதை எந்த வேளையில் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே பயணத்தை விமானச் சீட்டிலிருந்து தொடங்காமல், மதிலில் நடக்கப்போகும் அந்த ஒரு காலைப் பொழுதைத் தீர்மானித்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும். கீழே உள்ள வரிசை அந்த முறையில் அமைந்தது.

1. முதலில் மாதத்தையும் நாளையும் முடிவு செய்யுங்கள்

மே, ஜூன் முற்பகுதி, செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர் முற்பகுதி ஆகியவையே ஏற்ற காலம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெப்பம் 30 பாகையை எளிதில் தொடும். நம் ஊர் வெயிலுக்கு அது ஒரு பொருட்டில்லை என்று நினைப்பது முதல் தவறு. மதிலின் மேல் மரமில்லை, கூரையில்லை. வெண்கல் தரை வெயிலை வாங்கி முகத்தில் அடிக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை விலைகள் குறையும். ஆனால் மழையும் காற்றும் அதிகம், உணவகங்கள் பல மூடியிருக்கும், மதிலின் திறப்பு நேரமும் சுருங்கும்.

மாதம் முடிவானதும் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. நகரின் கூட்டத்தைத் தீர்மானிப்பவை குரூஷ் துறைமுகத்துக்கு வரும் சொகுசுக் கப்பல்கள். ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்களுக்கு மேல் வேண்டாம் என்ற ஏற்பாட்டை நகராட்சி 2019 முதல் கப்பல் நிறுவனங்களோடு செய்துகொண்டிருந்தாலும், இரண்டு கப்பல்களின் பயணிகளே பழைய நகரை நிரப்பப் போதுமானவர்கள். எந்த நாளில் எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்ற அட்டவணை இணையத்தில் முன்கூட்டியே கிடைக்கும். கப்பல் இல்லாத காலை ஒன்றையோ, சிறிய கப்பல் மட்டும் வரும் காலை ஒன்றையோ தேர்ந்தெடுத்து, அதை மதிலுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அந்தக் காலைக்கு முந்தைய இரவே நீங்கள் நகரில் இருக்க வேண்டும். அதே நாளில் விமானத்தில் வந்திறங்கி மதிலில் ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டவர்களில் ஒருவரும் நண்பகலுக்கு முன் ஏறியதை நான் பார்த்ததில்லை. குறைந்தது இரண்டு இரவுகள் வேண்டும்; மூன்று இரவுகள் இருந்தால் அவசரமில்லாமல் பார்க்கலாம்.

2. விசாவும் அதில் ஒளிந்திருக்கும் சிக்கலும்

2023 ஜனவரி 1 அன்று குரோவேசியா யூரோ நாணயத்துக்கு மாறியது. அதே நாளில், தமக்குள் எல்லைச் சோதனை வைத்துக்கொள்ளாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியிலும் இணைந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட பயணக் குறிப்புகளில் விசா, நாணயம், எல்லைச் சோதனை பற்றி உள்ளவை இப்போது பொருந்தா. குனா என்ற நாணயத்தில் விலை குறிப்பிட்டிருந்தால் அந்தக் குறிப்பை மூடிவைத்துவிடுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டும் இலங்கைக் கடவுச்சீட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுகளுக்கு 180 நாள்களில் 90 நாள்கள் வரை விசா தேவையில்லை. விசா வேண்டியவர்கள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; 15 நாள்களுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்கக் கூடாது. கோடையில் நேர்முகத்துக்கு நாள் கிடைப்பதே அரிதாகிவிடுவதால், இரண்டு மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கடவுச்சீட்டு கடந்த பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஷெங்கன் நாடுகளுக்குப் போகிறவர்கள், எந்த நாட்டில் அதிக நாள்கள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் இறங்கும் நாட்டிடம் அன்று.

இனி அந்தச் சிக்கல். டுப்ரோவ்னிக்கிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய பெயர்பெற்ற ஊர்கள் இரண்டு: மான்டினீக்ரோவின் கோட்டோர், போஸ்னியாவின் மோஸ்டார். இரண்டு நாடுகளும் ஷெங்கன் பகுதிக்கு வெளியே உள்ளவை. ஒருமுறை நுழைய மட்டும் அனுமதிக்கும் விசாவோடு அங்கே போனால், அந்த விசா எல்லையிலேயே முடிந்துவிடும்; மாலையில் விடுதி அறைக்குத் திரும்ப வழியிருக்காது. ஆகவே அந்த ஊர்களுக்குப் போக எண்ணம் இருந்தால், பலமுறை நுழையும் விசாவை விண்ணப்பத்திலேயே கேட்டு, அதற்கான காரணத்தையும் பயணத்திட்டத்தில் எழுதிக் காட்டுங்கள். கிடைத்த விசாவில் எத்தனை நுழைவு என்று அச்சிட்டிருக்கும் இடத்தைப் பார்த்த பிறகே சுற்றுலாவுக்குப் பணம் கட்டுங்கள்.

3. வந்து சேரும் வழி

டுப்ரோவ்னிக்குக்கு ரயில் கிடையாது. ஐரோப்பாவில் எந்த ஊருக்கும் ரயிலில் போய்விடலாம் என்று நினைத்து ரயில் பாஸ் வாங்கிவிட்டு வருந்தியவர்கள் உண்டு. விமானம், பேருந்து, கப்பல் ஆகிய மூன்றே வழிகள்.

விமான நிலையம் நகருக்குத் தென்கிழக்கே, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், சிலிப்பி என்னும் ஊரில் இருக்கிறது. விமானங்களின் வருகையை ஒட்டிப் பேருந்து விடுகிறார்கள். அது பழைய நகரின் மேற்கு வாயிலான பீலேயில் நின்று, பிறகு குரூஷ் பேருந்து நிலையத்துக்குச் செல்லும். பழைய நகரில் தங்குகிறவர்கள் பேருந்து நிலையம் வரை போய்விடாமல் பீலேயில் இறங்கிவிட வேண்டும். நகரை நோக்கி வரும்போது கடல் இடப்பக்கம் என்பதால் இடப்பக்க இருக்கையைப் பிடியுங்கள். மதில் சூழ்ந்த நகர் முழுவதையும் மேலிருந்து முதன்முதலாகப் பார்க்கும் வாய்ப்பு அந்தச் சாலையில்தான் கிடைக்கிறது.

ஸ்ப்ளிட் நகரிலிருந்து கரையோரமாகப் பேருந்தில் வருகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குரோவேசியாவின் கரையை நேயும் என்ற இடத்தில் போஸ்னியாவின் சிறு நிலத்துண்டு ஒன்று இரண்டாகப் பிரிக்கிறது. 2022 ஜூலையில் திறக்கப்பட்ட பெல்யெஷாட்ஸ் பாலம் அதைச் சுற்றிக்கொண்டு, குரோவேசிய எல்லைக்குள்ளேயே போய்விட வழி செய்கிறது. உங்கள் பேருந்து பாலத்தின் வழியே செல்கிறதா, நேயும் வழியே செல்கிறதா என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். ஒருமுறை நுழையும் விசா வைத்திருப்பவர்கள் பாலத்தின் வழியே செல்லும் பேருந்தில்தான் ஏற வேண்டும். கோடையில் ஸ்ப்ளிட்டிலிருந்து விரைவுப் படகும் உண்டு. அதற்கு இந்தக் கவலை இல்லை.

வாடகைக் கார் இந்த நகருக்குச் சுமைதான். பழைய நகருக்குள் வண்டி நுழைய முடியாது. வெளியே நிறுத்துவதற்கு ஆகும் செலவு கண்ணைக் கட்டும்.

4. தங்குமிடம்: படிகளை எண்ணிவிட்டுப் பணம் கட்டுங்கள்

பழைய நகரின் நடுத்தெருவான ஸ்ட்ராடுன் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 300 மீட்டர் ஓடுகிறது. ஒருகாலத்தில் அந்த இடம் நீர்ப்பரப்பாக இருந்து தூர்க்கப்பட்டது. அதனால்தான் அந்தத் தெரு தட்டையாக இருக்க, இருபுறமும் உள்ள சந்துகள் படிகளாக மேலேறுகின்றன. வடக்குப் பக்கத்துச் சந்துகள் மிகவும் செங்குத்தானவை. நிலப்படத்தில் நடுத்தெருவிலிருந்து 80 மீட்டர் என்று காட்டும் அறைக்கு நூறு படிகள் ஏற வேண்டியிருக்கலாம்.

என்னுடன் வந்த ஒரு குடும்பம், இணையத்தில் படம் பார்த்து வடக்குச் சந்தில் ஓர் அறையை எடுத்திருந்தது. இரண்டு பெரிய பெட்டிகளையும் மூட்டுவலி உள்ள அம்மாவையும் மேலே கொண்டு சேர்ப்பதற்குள் முதல் நாள் மாலை முடிந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் முன்பே இரண்டு கேள்விகள் கேட்டிருக்க வேண்டும்: மிக அருகில் உள்ள வாயிலிலிருந்து அறைக் கதவு வரை எத்தனை படிகள், கட்டடத்துக்குள் எத்தனை படிகள்.

பழைய நகருக்குள் தங்கினால் அதிகாலையும் பின்னிரவும் உங்களுக்கே உரியவை. ஆனால் விலை அதிகம், கோடை இரவுகளில் இரைச்சல் அதிகம். சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு போனால் கற்களில் எழும் ஓசை ஊரையே எழுப்பும். அங்கே மிச்சமிருக்கும் குடும்பங்களுக்கு அது பெரிய தொல்லை. நகராட்சியே பயணிகளிடம் பெட்டியைத் தூக்கிச் செல்லுமாறு கேட்டுக்கொண்டிருக்கிறது. எனவே தோளில் மாட்டும் பைகளோடு வருவதே முறை.

என் பரிந்துரை, கிழக்கு வாயிலான ப்ளோச்செக்கு வெளியே பத்து நிமிட நடையில் ஓர் அறை. காரணத்தை ஏழாம் பகுதியில் காண்பீர்கள். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கும் மேற்கே உள்ள லாபாட் பகுதி ஏற்றது. அங்கிருந்து பீலேக்கு நகரப் பேருந்து அடிக்கடி உண்டு. எங்கே தங்கினாலும் வீட்டுக்காரர் கடவுச்சீட்டைக் கேட்பார். விருந்தினர் விவரத்தை அரசுப் பதிவில் ஏற்றுவது அங்கே சட்டப்படியான கடமை. அதனால் தயங்க வேண்டியதில்லை.

5. சீட்டும் பணமும்

பழைய நகருக்குள் நுழையக் கட்டணம் இல்லை. மதிலின் மேல் நடப்பதற்குத்தான் கட்டணம், அதுவும் கணிசமானது: 2024இல் பெரியவர் ஒருவருக்கு 35 யூரோ. அதே ஆண்டில், மதிலோடு பல அருங்காட்சியகங்களையும் நகரப் பேருந்துப் பயணத்தையும் சேர்த்துத் தரும் ஒரு நாள் டுப்ரோவ்னிக் பாஸின் விலையும் அதே 35 யூரோ. விலை மாறிக்கொண்டே இருந்தாலும் இந்த ஒப்பீட்டை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். மதிலின் கீழே வரிசையில் நின்று மதில் சீட்டை மட்டும் வாங்கிவிட்டு, பிறகு ஒவ்வோர் அருங்காட்சியகத்துக்கும் தனியே பணம் கொடுப்பதுதான் நான் மிகுதியாகப் பார்த்த தவறு.

பாஸை நகரின் அதிகாரபூர்வத் தளத்தில் முந்தைய நாளே வாங்கி, கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். காலையில் வரிசையில் இருபது நிமிடத்தை இழந்தால், பிறகு மதிலில் வெயிலோடு நடக்கும் நேரம் அதைவிட அதிகமாகிவிடும். விலையையும் நுழைவு நேரத்துக்கான விதிகளையும் அப்போதே அந்தத் தளத்தில் பார்த்துவிடலாம்.

நகரப் பேருந்துச் சீட்டு, ஓட்டுநரிடம் வாங்குவதைவிடப் பெட்டிக்கடையில் வாங்கினால் விலை குறைவு. ஏறியதும் கருவியில் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். பழைய நகரின் தெருவோரப் பண இயந்திரங்களில் பணம் எடுக்கும்போது, உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா என்று திரையில் கேட்டால் மறுத்துவிட்டு யூரோவைத் தேர்ந்தெடுங்கள். இயந்திரம் காட்டும் மாற்று விகிதம் எப்போதும் உங்களுக்கு இழப்பாகவே இருக்கும்.

6. மதிலில் ஏறுவதற்கு முன்

முந்தைய இரவே எடுத்துவைக்க வேண்டியவை: தலையை மூடும் தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், வழுக்காத அடியுள்ள காலணி. குடை பயன்படாது, நடைபாதை பல இடங்களில் குறுகலானது, மேலே காற்றும் பலமானது.

தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பீலே வாயிலுக்குள் நுழைந்ததும் தெரியும் பெரிய ஓனோஃப்ரியோ நீரூற்று, 15ஆம் நூற்றாண்டில் மலையடிவார ஊற்றிலிருந்து கால்வாய் வழியே நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது கட்டப்பட்டது. இன்றும் அதில் விழுவது குடிநீர். கிழக்குக் கோடியில் மணிக்கூண்டின் அருகே சிறிய நீரூற்றும் உண்டு. அழுக்குத் தண்ணீராக இருக்கும் என்று ஒதுங்கி, பத்தடி தள்ளிக் கடையில் புட்டி வாங்கியவர்களில் முதல் பயணத்து நானும் ஒருவன்.

கழிப்பறைக்குக் கீழேயே போய்விட்டு வாருங்கள். மதிலில் ஒருவழிப் பாதைதான். வந்த வழியே திரும்ப விடமாட்டார்கள். இறங்கிவிட்டால் அதே சீட்டில் மீண்டும் ஏறவும் முடியாது.

7. மதில் நடை

மதிலின் சுற்றளவு 1,940 மீட்டர். தரையில் இது அரை மணி நேர நடை. மேலே, படிகளும் நின்று பார்க்கும் இடங்களும் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஆகும். மூன்று இடங்களில் ஏறலாம்: மேற்கே பீலே வாயிலை அடுத்து, கிழக்கே ப்ளோச்செ வாயிலை அடுத்து, தென்கிழக்கே பழைய துறைமுகத்தின் பக்கம் புனித யோவான் கொத்தளத்தை அடுத்து. எங்கே ஏறினாலும் இடஞ்சுழியாகத்தான் நடக்க வேண்டும். கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை.

பீலேதான் எல்லோரும் முதலில் காணும் வாயில். அதனால் எல்லோரும் அங்கேயே ஏறுகிறார்கள். அப்படி ஏறினால் இடஞ்சுழிப் பாதை முதலில் கடலோர மதிலுக்கும், பிறகு துறைமுகத்துக்கும், கடைசியாக வடக்கு மதிலுக்கும் கொண்டுபோகும். வடமேற்கு மூலையில் உள்ள மின்செட்டா கோபுரம்தான் மதிலின் உச்சி. அதாவது கால் சோர்ந்து, தண்ணீர் தீர்ந்து, வெயில் ஏறிய பிறகு மிகக் கடினமான ஏற்றம் வருகிறது.

ப்ளோச்செ பக்கம் ஏறினால் இந்த வரிசை நேராகிவிடும். கோடையில் கதவு திறக்கும் 8 மணிக்கு அங்கே நின்றால், உடல் புதிதாக இருக்கும்போதே வடக்கு மதிலின் ஏற்றம் முடிந்துவிடும். மேற்கு நோக்கி ஏறுவதால் காலைக் கதிரவன் முதுகுப் பக்கம்தான் இருப்பான்; கண் கூசாது. மின்செட்டாவை அடைந்த பிறகு பெரும்பாலும் இறக்கமும் சமதளமும்தான். பீலேக்கு மேலே கடக்கும்போது, அப்போதுதான் ஏறி வரும் கூட்டத்தோடு கலக்க நேரும். அங்கே ஐந்து நிமிடம் நின்று ஒரு குழு கடந்து போகவிட்டு, அடுத்த குழு வருவதற்கு முன் நடந்தால் கடலோர மதில் ஓரளவு காலியாகக் கிடைக்கும். கிழக்கு வாயிலின் அருகே தங்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

மின்செட்டாவில் கோபுர உச்சிக்குப் போகும் குறுகிய படிகளைச் சிலர் களைப்பில் தவிர்த்துவிடுகிறார்கள். அதைத் தவிர்க்கக் கூடாது. மதில் நடையில் முழு நகரும் கடலும் லோக்ரும் தீவும் ஒரே பார்வையில் அடங்கும் இடம் அது ஒன்றுதான். அங்கிருந்து கூரைகளை ஊன்றிப் பாருங்கள். பளிச்சென்ற செம்மண் நிற ஓடுகள் மிகுதியாகவும், மங்கிய பழைய ஓடுகள் ஆங்காங்கேயும் தெரியும். 1991, 1992ஆம் ஆண்டுகளில் யூகோஸ்லாவியப் படை நடத்திய முற்றுகையில் குண்டுவீச்சுக்கு ஆளான கூரைகளை மாற்றியதன் அடையாளம் அந்த நிற வேறுபாடு. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், மீதி நடை முழுவதும் கண் கூரைகளை விட்டு அகலாது.

தெற்குப் பகுதியில் மதில் கடற்பாறைகளின் மேலேயே நிற்கிறது. நிலத்தை நோக்கிய பக்கத்தில் 4 முதல் 6 மீட்டர் வரை தடித்த சுவர், கடற்பக்கத்தில் அதில் பாதிகூட இல்லை என்பது நடக்கும்போதே தெரியும். இங்கே பாதை குறுகும். படம் எடுக்க நிற்பவர்கள் விரிவடையும் இடம் வரை நடந்துபோய் நிற்பதே பின்னால் வருகிறவர்களுக்கு உதவி. உட்பக்கம் வீட்டுத் தோட்டங்களும் கொடியில் உலரும் துணிகளும் கைக்கெட்டும் தொலைவில் வரும். அவை குடியிருப்போரின் சன்னல்கள் என்பதைக் குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். சீட்டை வழியில் மீண்டும் சோதிப்பார்கள். இறங்கும் வரை கையில் இருக்கட்டும்.

மூட்டுவலி உள்ளவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர்கள் பீலேயில் ஏறி, கடலோர மதிலில் மட்டும் நடந்து, புனித யோவான் கொத்தளத்தில் இறங்கிவிடலாம். முதலில் ஏறும் செங்குத்தான படிக்கட்டைத் தவிர்க்க முடியாது. ஆனால் மின்செட்டாவின் ஏற்றம் இருக்காது. இரண்டாம் பயணத்தில் குழுவை இப்படி இரண்டாகப் பிரித்தேன். துறைமுகத்தில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டோம்.

காலை வாய்ப்புத் தவறினால், மதில் மூடுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பு ஏறுவது அடுத்த நல்ல வேளை. படம் எடுப்பவர்களுக்கு மேற்கிலிருந்து விழும் மாலை வெளிச்சம் காலையைவிடச் சிறந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மூடும் நேரம் நெருங்கினால் ஊழியர்கள் விரட்டத் தொடங்குவார்கள்.

8. நண்பகல்: நிழலுக்குள்

மதிலிலிருந்து இறங்கும்போது 10 மணி ஆகியிருக்கும். கப்பல் பயணிகள் குழுக் குழுவாக வந்து சேரும் வேளை அது. ஸ்ட்ராடுனில் நடக்க ஏற்ற நேரம் அதுவன்று. ஆகவே கட்டடங்களுக்குள் போய்விட வேண்டும். கடல்சார் அருங்காட்சியகம் புனித யோவான் கொத்தளத்துக்குள்ளேயே இருக்கிறது. பழைய நகரக் குடியரசின் தலைவர் வாழ்ந்த ஆட்சியர் மாளிகை அங்கிருந்து சில நிமிட நடை. பீலே அருகே உள்ள பிரான்சிஸ்கன் மடத்தின் தூண் மண்டபமும், 1317இல் தொடங்கப்பட்ட அதன் மருந்தகமும் மூன்றாவது. இவை பாஸில் அடங்குகின்றனவா என்பதை வாங்கும்போதே பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். மடத்துக்கும் தேவாலயங்களுக்கும் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

உணவைப் பற்றி, சைவ உணவு உண்பவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இது மீன் உணவுக்குப் பெயர்பெற்ற கரை. கறுப்பு நிறத்தில் வரும் அரிசிச் சோற்றைப் பார்த்து ஏதோ கருப்பு அரிசி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நிறம் கணவாய் மையிலிருந்து வருவது. காய்கறிச் சூப்பில்கூட இறைச்சி வேகவைத்த நீர் சேர்ந்திருக்கலாம். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கவலையின்றிக் கேட்கக்கூடியது பிளித்வா: ஒரு வகைக் கீரையையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்தது. மீனுக்குத் துணையாகவே பட்டியலில் இருக்கும்; தனியாகக் கேட்டாலும் தருவார்கள். காலையில் குந்துலிச் சதுக்கத்தில் கூடும் சிறு சந்தையில் பழங்கள் கிடைக்கும். ஸ்ட்ராடுனை ஒட்டிய மேசைகளில் உட்கார்ந்தால் இடத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

9. பிற்பகல்: லோவ்ரியெனாட்ஸ் கோட்டையா, லோக்ரும் தீவா

பீலேக்கு வெளியே, 37 மீட்டர் உயரப் பாறையின் மேல் தனியே நிற்பது லோவ்ரியெனாட்ஸ் கோட்டை. மதில் சீட்டிலேயே இதற்கும் அனுமதி உண்டு. பலர் இது தெரியாமல் சீட்டைக் கசக்கி எறிந்துவிடுகிறார்கள். நகர மதிலை வெளியிலிருந்து முழுமையாகப் பார்க்க இதுவே சரியான இடம். கடலை நோக்கிய சுவர்கள் 12 மீட்டர் வரை தடித்திருக்க, நகரை நோக்கிய சுவர் ஒரு மீட்டர்கூட இல்லை. கோட்டைத் தலைவனே நகருக்கு எதிராகத் திரும்பினால் உடைத்துவிடலாம் என்ற முன்யோசனைதான் காரணம்.

லோக்ரும் தீவுக்குப் பழைய துறைமுகத்திலிருந்து படகில் கால் மணி நேரம்கூட ஆகாது. மர நிழலும் குளிக்க ஏற்ற பாறைக்கரையும் உண்டு, மயில்கள் உலவுகின்றன. இரவில் எவரும் தங்கக் கூடாது, புகைபிடிக்கவும் தடை. இறங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்ற பலகையைப் படம் எடுத்துக்கொள்வது. அந்தக் கடைசிப் படகுக்கே எல்லோரும் திரள்வார்கள் என்பதால் அதற்கு முந்தைய படகில் ஏறிவிடுங்கள்.

இரண்டையும் ஒரே பிற்பகலில் அடக்க முயல வேண்டாம். இரண்டு நாள் இருந்தால் தீவுக்கு இரண்டாம் நாளை ஒதுக்குங்கள்.

கடலில் இறங்குகிறவர்களுக்கு ரப்பர் காலணி தேவை. ப்ளோச்செக்கு வெளியே உள்ள பான்யே கடற்கரையில் கூழாங்கற்கள். மற்ற இடங்களில் பாறை, பாறையில் கடல் முள்ளெலிகள். நீச்சல் உடையோடு பழைய நகரின் தெருக்களில் நடந்தால் அபராதம் விதிப்பார்கள்.

10. மாலை: ஸர்ஜ் மலை, பிறகு ஸ்ட்ராடுன்

நகருக்குப் பின்னால் 412 மீட்டர் உயரத்தில் ஸர்ஜ் மலை இருக்கிறது. வடக்கே பூஷா வாயிலுக்கு மேலேயுள்ள நிலையத்திலிருந்து ரோப் கார் நான்கு நிமிடத்துக்குள் ஏற்றிவிடும். கதிரவன் மறைவதைப் பார்க்க எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதால், அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வரிசையில் நில்லுங்கள். வடகிழக்கிலிருந்து புரா என்னும் காற்று பலமாக வீசும் நாளில் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். எனவே முதல் மாலையே வானம் தெளிவாக இருந்தால் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம். மலை மேலுள்ள பழைய கோட்டையில் முற்றுகைக் காலத்தைப் பற்றிய அருங்காட்சியகம் உண்டு. வளைந்து வளைந்து இறங்கும் கல் பாதையில் நடந்தும் வரலாம். இருட்டிய பிறகு அது வேண்டாம்.

இறங்கியதும் பூஷா வாயில் வழியே படிகளில் ஸ்ட்ராடுனுக்கு வந்துவிடுங்கள். கப்பல்கள் புறப்பட்டிருக்கும். காலங்காலமாகக் கால்கள் தேய்த்த சுண்ணாம்புக்கல் தரை விளக்கொளியில் தண்ணீர் தெளித்ததுபோல் மின்னும். உண்மையிலேயே மழை பெய்திருந்தால் அந்தத் தரை மிகவும் வழுக்கும். தோல் அடியுள்ள செருப்போடு வந்த என் நண்பர் ஒருவர் அதில் விழுந்து, மறுநாள் முழுவதும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

11. புறப்படும் நாள்

விமான நிலையப் பேருந்து வரும்போது இறக்கிவிட்ட இடத்திலேயே திரும்பும்போதும் ஏற்றிக்கொள்ளும் என்று எண்ணி, பீலேயில் பெட்டிகளோடு காத்திருந்து தவறவிடுகிறவர்கள் உண்டு. போகும் பேருந்துக்கு நிறுத்தம் வேறு. சீட்டு வாங்கும்போதே அந்த இடத்தை நிலப்படத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள். முந்தைய நாள் மாலை ஒருமுறை அங்கே நடந்துபோய்ப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் வெளிநாட்டவரின் கைரேகையையும் முகப்படத்தையும் பதிவு செய்யும் முறை தொடங்கியிருப்பதால், எல்லைச் சோதனை வரிசைக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். அறையைக் காலையில் ஒப்படைத்துவிட்டு மாலை விமானத்துக்குக் காத்திருப்பவர்கள், பைகளைப் பீலே அருகே உள்ள காப்பிடத்தில் வைத்துவிட்டு நீரூற்றில் புட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பலாம்.